பாசியைத் தேய்க்காமல் மருந்து போடலாமா?

2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதக் கடைசியில், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவில், செவன் ஓக்ஸ் என்ற முதியோர் இல்லத்தில் காய்ச்சலும் இருமலும் பரவின. முதலிற் செய்த பரிசோதனைகள் எதையும் காட்டவில்லை. ஒக்ரோபர் 6ஆம் திகதி, இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்த பின்னரே, லெஜியனெல்லா என்ற பக்டீரியாவே காரணம் என்பது உறுதியாயிற்று. நோயுற்றவர்கள் 135 பேர்; இறந்தவர்கள் 23 பேர். கிருமி வளர்ந்த இடம், அக்கட்டடத்தைக் குளிர்மைப்படுத்திய இயந்திரத்தின் குளிரூட்டற் கோபுரம்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இது தொற்றுமோ?" பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கிருமி கலந்த நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசிப்பதாலேயே வருகிறது. முதியோரையும், புகைப்போரையும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரையும் கடுமையாகத் தாக்குகிறது. 1976இல் பிலடெல்பியாவில் அமெரிக்க லீஜன் என்ற முன்னாள் படையினர் அமைப்பின் மாநாட்டையொட்டி 34 பேர் இறந்தார்கள். அந்த அமைப்பின் பெயரே அடுத்த ஆண்டு கண்டறியப்பட்ட கிருமிக்கும் வாய்த்தது.

குளிரூட்டற் கோபுரம் வேலை செய்வது நம் வீட்டு மண்பானையின் விதிப்படிதான். பானை கசிகிறது, கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு போகிறது. கோபுரத்தில் சூடான நீரை மேலிருந்து தூவுகிறார்கள். ஊடே காற்றைச் செலுத்துகிறார்கள். ஒரு பகுதி ஆவியாக, எஞ்சிய நீர் குளிர்ந்து மீண்டும் சுற்றுக்குப் போகிறது. போன நீரின் உப்புகள் எல்லாம் எஞ்சிய நீரிலேயே தங்கிச் செறிகின்றன. காற்றோடு தூசியும் இலையும் உள்ளே வருகின்றன. இளஞ்சூடு, உணவு, ஈரம் மூன்றும் ஒருங்கே அமைந்தால் பக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? லெஜியனெல்லா ஏறத்தாழ 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான நீரில் பெருகும்.

மருந்தைக் கொட்டினால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடை தொண்டைமானாற்றுக் கிணறுகளில் இருக்கிறது.

ஒரு புறம் கடல், மறுபுறம் உவர்நீரேரி. இடையில் உள்ள எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு சொத்து. அதைத் துப்புரவு செய்வதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் நீர் முழுவதையும் இறைப்பார்கள். பிறகு ஒருவர் உள்ளே இறங்கி, கட்டின் மேல் படிந்த பாசியைப் பொச்சால் தேய்ப்பார். அடிச் சேற்றை வாரியெடுத்து, புதிய நீர் ஊறிய பின்னரே குளோரின் போடப்படும். தேய்க்காமல் போட்ட மருந்து பாசிக்கே செலவாகிப் போகும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதையே இன்றைய நுண்ணுயிரியலும் சொல்கிறது. கோபுரத்தின் தகடுகளிலும் குழாய்களிலும் படியும் வழுவழுப்பான படலமே கிருமியின் கோட்டை. நீரில் மிதப்பதைக் குளோரின் கொல்லும். படலத்தின் உட்புறத்தை எளிதில் எட்டாது. அமீபா போன்ற ஓரணு உயிரிகளுக்குள்ளும் லெஜியனெல்லா ஒளிந்து பெருகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீரின் பி.எச். அளவு உயர உயரக் குளோரினின் வலு குன்றும். பி.எச். 7.5இல் அதன் ஏறத்தாழப் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும், 8.5இல் பத்திலொரு பங்கே. கோபுர நீரோ காரத்தன்மை ஏறும் இயல்புடையது. அதனால்தான் பல இடங்களில் புரோமினைச் சேர்க்கிறார்கள். வேறுவகைக் கிருமிகொல்லிகளையும் மாற்றி மாற்றி இடுகிறார்கள். செறிந்த நீரை இடையிடையே வெளியேற்றுவதும், துளிகள் வெளியே பறக்காமல் தடுப்புத் தட்டுகள் வைப்பதும், காலந்தவறாது இறைத்துத் தேய்ப்பதும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும்.

சட்டம் இருந்தும் காவல் தளரலாம். 2015இல் நியூயோர்க்கின் தென் பிரோங்ஸ் பகுதியில் 16 பேர் இறந்த பின், கோபுரங்களைப் பதிவு செய்து சோதிக்க வேண்டும் என்று அந்நகரம் சட்டம் இயற்றியது. அப்படியிருந்தும் 2025 கோடையில் ஹார்லெமில் 114 பேர் நோயுற்று, 7 பேர் இறந்தனர். கிருமி இருந்த இடங்களுள் ஒன்று மருத்துவமனையின் கோபுரம்.

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நம் பிள்ளைகள் உணவையும் அறையையும் விசாரிக்கிறார்கள். கூரையின் மேல் இருப்பதையும் விசாரியுங்கள். கோபுரத்தைக் கடைசியாக எப்போது இறைத்துத் தேய்த்தீர்கள், நீரை யார் சோதிக்கிறார், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். "மருந்து போடுகிறோம்" என்ற பதிலோடு திருப்தியடைந்து விடாதீர்கள். போரின் பின் மாடிக் கட்டடங்கள் எழுந்து வரும் யாழ்ப்பாணத்திலும் இக்கேள்விகளை இப்போதே கேட்கப் பழகுவது நல்லது.