எல்லைக்கு இந்தப் பக்கம் டார்வின் இல்லை!

எங்கள் நெடுங்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். அங்கே பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமே உண்டு. இங்கே கிடையாது. காரைக்கால் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ-க்கு மாறிவிட்டன. அந்தப் புத்தகத்தில் இருந்த பரிணாமப் பகுதியை என்.சி.இ.ஆர்.டி வெட்டிவிட்டது. 2023-ல் 1,800-க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறது, ஆனால் உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நீட் எழுதும் ஆசை. திட்டச்சேரியில் படிக்கும் சொந்தக்காரப் பெண்ணின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். “அக்கா, இதைப் படிச்சா ஈமானுக்கு ஏதாச்சும் ஆயிடுமா? குரங்குக்குப் பொறந்தோம்னு சொல்றது நமக்கு வேணாம்னு அம்மா சொல்லுது.”

நான் செய்தி எழுதுகிறவள், ஆலிமா இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை. அதற்கும் நமக்கும் வெகு காலத்துக்கு முன்னால் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதுதான் பாடம்.

ஜோர்டானில் ரானா தஜானி என்ற பேராசிரியை இருக்கிறார். ஹிஜாப் அணிந்து, முஸ்லிம் மாணவர்களுக்குப் பரிணாமம் நடத்துகிறவர். ஏன் நடத்துகிறேன் என்று 2015-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதற்கும் முன்னால், 9-ம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றிய தன் பெரிய நூலில் ஒன்றை ஒன்று தின்று பிழைக்கும் உயிர்களைக் கூர்ந்து எழுதியிருக்கிறார். அதற்காக ‘டார்வினுக்கு முன்னாடியே சொல்லியாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். இயற்கைத் தேர்வை 1859-ல் ஆதாரங்களை அடுக்கி நூலாக்கியவர் டார்வின்தான்.

அவளுடைய அத்தா திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தார். விவசாயி. “மாமா, புகையானுக்கு முன்னாடி கேட்ட மருந்து இப்போ ஏன் கேக்கலை?” என்றேன். மருந்துக்குத் தப்பிய சில பூச்சிகளின் வாரிசுகள்தான் பெருகி வயலை நிரப்புகின்றன. இதுவும் பரிணாமம்தான் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பூச்சி விஷயம் சரிம்மா. ஆதம் நபி விஷயம்?”

அதில் அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. மற்ற உயிர்களுக்குப் பரிணாமத்தை ஏற்று, மனிதனை மட்டும் தனிப் படைப்பு என்பவர்கள் உண்டு. முழுவதுமாக ஏற்பவர்களும் உண்டு. அதைத் தீர்த்துவைக்க நான் யார்?

“அதை ஹஜ்ரத்துகிட்ட கேட்டுக்குறேன்” என்றார். “நீ பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடு.”

தமிழ்நாட்டுப் பாடநூல் பி.டி.எஃப் இணையத்தில் இலவசம். அன்று ராத்திரியே அவள் அத்தா போனுக்கு அனுப்பினேன்.