தோப்புக் காவலுக்கு எந்த நாய்?



குடும்பப் பத்திரிகையில் நாயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தெருவில் ஈர நாயொன்று உராய்ந்துவிட்டால் உடுப்பைக் களைந்து ஏழுமுறை கழுவும் வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான் நானும். ஆயினும், இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் நாள்தோறும் வெளிநாட்டு நாய்களைக் கண்டு ஆசை கொள்கிறார்கள். “வாங்கலாமா வாப்பா?” என்று கேட்கிறார்கள். “கூடாது” என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்களை அனுப்பிவிடுவது எளிது. எங்கள் குடும்பத்தில் அப்படி அனுப்பிவிட இயலாத நிலையில் இக்கேள்வி எழுந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என் தங்கை கணவரை இழந்தவள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையோரம், ஊரைவிட்டுச் சற்றே தள்ளி, அவளுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. தோப்பின் முகப்பிலேயே வீடு. ஒரே மகன் துபாயில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டில் இருமுறை பம்புசெட்டின் செப்புக் கம்பியை அறுத்துச் சென்றுவிட்டனர். தேங்காய் போவதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டாம் முறை திருடர்கள் வந்தபோது, கதவுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டும் விளக்கைப் போட அஞ்சி, விடியும் வரை தஸ்பீஹை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இதைக் கேட்ட மகன் அங்கிருந்தே ஒரு முடிவெடுத்தான். கோயம்புத்தூரில் ஒருவரிடம் புல் டெரியர் குட்டி ஒன்றுக்கு முன்பணம் அனுப்பிவிட்டு, எனக்குத் தொலைபேசியில் பேசினான். “மாமா, உம்மாவை நீங்கள்தான் சம்மதிக்க வைக்க வேண்டும்.”

தங்கையோ, “புல்லா? புல்லுக்கும் நாய்க்கும் என்ன காக்கா?” என்றாள். அது புல்லன்று, காளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று விளக்கினேன். “அப்படியானால் இன்னும் மோசம்” என்றாள்.

அவள் சொன்னது வேடிக்கைக்காயினும் அதில் வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் கொடிய வழக்கம் இருந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. அதற்குப் பின் இரகசியமாக நாய்ச்சண்டைகள் பெருகின. புல்டாக் இனத்தின் பிடிவாதமும் டெரியர் இனத்தின் வேகமும் கலந்த கலப்பினங்களைச் சண்டைக்கென்றே வளர்த்தனர். பர்மிங்ஹாம் நகரத்து விலங்கு வணிகரான ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் அக்கலப்பினத்தை மேலும் பண்படுத்தி, வெள்ளை வெளேரென்ற ஒரு புதிய நாயை உருவாக்கி, 1862-இல் அந்நகரக் கண்காட்சியில் காட்டினார். சண்டைக்களத்து நாயைக் கனவான்களின் பக்கத்தில் நடக்கும் நாயாக மாற்றுவதே அவர் நோக்கம். முட்டையைப் போன்று நீண்டு வளைந்த முகமும் முக்கோணச் சிறு கண்களும் பின்னர் வந்த வளர்ப்பாளர்கள் தேர்ந்து தேர்ந்து கொணர்ந்தவை. மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதற்கு நாய் முகமே இல்லையே என்பதுதான்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். இவ்விடத்தில் நம்மவரிடையே மிகுந்த குழப்பம் உள்ளது. நாய் என்றாலே வெறுக்கத்தக்க பிராணி என்று சிலர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். பிள்ளைகள் கல்லெறியவும் கற்றுக்கொள்கிறார்கள். திருமறையின் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் குகைவாசிகளோடு அவர்களின் நாயும் இடம்பெறுகிறது. அல்மாயிதா அத்தியாயத்தில், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தரும் இரை அனுமதிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தன் காலுறையில் நீர் முகந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம்.

அதே நேரத்தில், கால்நடைக் காவல், வேட்டை, பயிர்க் காவல் ஆகிய தேவைகள் இன்றி நாய் வைத்திருப்போரின் நன்மை அன்றாடம் ஒரு கீராத் அளவு குறையும் என்ற எச்சரிக்கையும், நாய் இருக்கும் வீட்டினுள் வானவர்கள் நுழைவதில்லை என்ற அறிவிப்பும் ஆதாரப்பூர்வமானவை. நாங்கள் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். நம் மத்ஹபில் நாயின் உமிழ்நீர் மட்டுமன்று, ஈரம்பட்டால் அதன் உடல் முழுவதும் கடுமையான நஜீஸ். ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவியாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் அசுத்தம், உடல் அவ்வாறன்று. மாலிகி அறிஞர்களோ நாயைச் சுத்தமான பிராணி என்றே கொள்கின்றனர். பாத்திரத்தை ஏழு முறை கழுவுவதை ஒரு வணக்கமாகப் பார்க்கின்றனர். கருத்து வேறுபாடு இவ்வளவு விரிந்து கிடக்க, நாய் வைத்திருக்கும் அண்டை வீட்டாரை ஏளனமாய்ப் பேசுவதற்கு நமக்கு இடமில்லை.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் இதைக் கொண்டு சென்றேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். “தென்னந்தோப்பு விளைநிலம்தானே. தனியாயிருக்கும் பெண்ணின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. வீட்டுக் காவலையும் பயிர்க் காவலோடு ஒப்பிட்டு அனுமதித்த ஷாஃபி இமாம்கள் உண்டு. காவலுக்கென்றால் தடையில்லை, நாய் தோப்பில் இருக்கட்டும், வீட்டினுள் வேண்டாம்” என்றார். பிறகு எழுந்து போகப் போன என்னை நிறுத்தி, “காவலுக்குத்தானே?” என்று மீண்டும் கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. காவலுக்கு நாய் வேண்டும் என்பது தேவை. அது இந்த நாயாகவே இருக்க வேண்டும் என்பது தேவையா, ஆசையா? இரண்டும் ஒரே வண்டியில் ஏறி வந்தால் எது எதுவென்று பிரித்தறிவது கடினம்.

மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்திற்குச் சென்று, அங்குள்ள மருத்துவரிடம் அரைமணி நேரம் பேசினேன். அவர் கூறியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே தருகிறேன். புல் டெரியர் வளர்ந்தால் 25 முதல் 30 கிலோ வரை எடை வரும், தசை முறுக்கேறிய நாய். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இதன் வெள்ளை நிறத்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதோ இரு காதுமோ பிறவியிலேயே கேட்பதில்லை. நிறமுள்ளவற்றில் இக்குறை மிக அரிது. மருமகன் முன்பணம் கொடுத்த குட்டியோ பால்வெள்ளை. காது கேளாத காவல்காரனுக்குச் சம்பளம் கொடுப்பார் உண்டா? வெள்ளைத் தோலும் குட்டை மயிரும் வெயிலைத் தாங்கமாட்டா. மூக்கிலும் காதோரத்திலும் வெந்துபோகும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பரம்பரைச் சிறுநீரக நோயும் தோல் ஒவ்வாமையும் இவ்வினத்தில் காணப்படுகின்றன.

ஆனால் என் மனத்தைத் தைத்தது இவையல்ல. “பார்வைக்குத்தான் முரடு ஐயா. மனிதனின் உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டே இருக்க விரும்பும் நாய் இது. மடியில் ஏறும், காலடியில் படுக்கும், குழந்தையைப் போல் விளையாட்டுக்கு இழுக்கும். பொதுவாகக் குரைப்பதும் குறைவு. தனியாகக் கட்டிப்போட்டால் மனம் கெட்டுவிடும். தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றும் நோய் இவற்றுக்கு வருவதுண்டு” என்றார் மருத்துவர். தேர்ந்த ஆள் பழக்காவிட்டால் பிற நாய்களோடும் பூனை, கோழிகளோடும் மூர்க்கம் கொள்ளும் என்றும் சொன்னார். தங்கையிடம் பதினெட்டுக் கோழிகள் உள்ளன.

சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். ஐவேளைத் தொழுகையும் உளூவும் உள்ள வீடு. நாயின் ஈர மூக்கு முந்தானையில் பட்டால் மண்கலந்த நீரைத் தேடவேண்டிய பெண். அன்பாகத் தடவிக்கொடுக்க அவளுக்குக் கை வராது. வீட்டினுள் விட இயலாது. இழுத்துக்கொண்டு நடக்க வலிமை இல்லை. ஆக, மனிதரின் மடியைத் தேடும் ஒரு பிராணியை விலை கொடுத்து வாங்கி, மூன்று ஏக்கர் தோப்பின் நடுவில் சங்கிலியில் பூட்டி, நாளுக்கு இருமுறை தொலைவிலிருந்தே சோற்றைத் தள்ளிவிடப் போகிறோம். ஒரு பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்டதற்காக ஒரு பெண் நரகம் புகுந்த செய்தியை நம் மதரஸாக்களில் சிறுவர்கள்கூட அறிவர். சோறு போட்டுவிட்டால் அடைத்துவைத்த குற்றம் நீங்கிவிடுமா? நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும்கூட, நாயை எந்நேரமும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்து, அதற்கு ஓடியாட வழி செய்யாமலிருப்பதைக் குற்றம் என்றே கூறுகிறது. அந்த நாய் நமக்கு ஆகுமா என்றே அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நாம் அந்த நாய்க்கு ஆவோமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் அன்றிரவே மருமகனிடம் சொன்னேன். அவன் படித்த பிள்ளை, சட்டென்று ஏற்றுக்கொள்ளவில்லை. “மாமா, அந்த முகத்தைப் பார்த்தாலே திருடன் ஓடிவிடுவான். கடிக்கவே வேண்டாம்” என்றான். அதில் உண்மை இல்லாமலில்லை. 2024 மார்ச் மாதத்தில் மைய அரசு 23 வகை நாய்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வளர்ப்பையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதையும், அதில் டெரியர் என்ற பொதுச்சொல்லும் இருந்ததையும் எடுத்துரைத்தேன். அவன் உடனே, அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டதை எனக்குப் பாடம் நடத்தினான். அதுவும் சரிதான். பிட்புல் வேறு, புல் டெரியர் வேறு என்பதையும் அவன் சொல்லித்தான் தெளிவாக அறிந்தேன். பெயரைக் கேட்டதும் இரண்டையும் ஒன்றாக்கி அஞ்சுவது நியாயமன்று.

“சட்டம் இருக்கட்டும். நீ வருடத்தில் எத்தனை நாள் ஊரில் இருப்பாய்?” என்று கேட்டேன்.

“முப்பது நாள், மாமா.”

“மீதி நாள்களில் அது யாருடைய மடியில் ஏறும்?”

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அங்கே உம்மா தனியாக இருப்பதை நினைத்தால் இங்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏதாவது ஒன்று வாங்கி அனுப்பிவிட்டால் தூங்கலாம் என்று பார்த்தேன்.” பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இக்கரையில் இருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! குளிர்சாதனப் பெட்டியாகவும் தங்க வளையலாகவும் நம் வீடுகளுக்கு வந்துசேர்பவற்றில் பலவும் இத்தகைய தூக்கமின்மையிலிருந்து வந்தவைதாம்.

அதன்பின் நாட்டு நாய்களைப் பற்றி ஆராய்ந்தோம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என நம் மண்ணிலேயே காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற இனங்கள் உண்டு. இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. நம் வெயில் அவற்றுக்குப் பழக்கம். நான் கோம்பைக் குட்டிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தேன். அதற்குள் தங்கை குறுக்கிட்டாள்.

“காக்கா, பம்புசெட்டுக் கொட்டகையில் ஒரு செவலை நாய் ஒரு வருடமாகப் படுத்துக் கிடக்கிறது. மீன்தலையும் பழஞ்சோறும் நான்தான் போடுகிறேன். அதையே வைத்துக்கொண்டால் என்ன?”

விலையில்லை, சாதிப் பெயரில்லை, படம் எடுத்து அனுப்ப முகவெட்டும் இல்லை. ஆனால் அது தோப்பை அறியும். வருவோர் போவோரை அறியும். தங்கையிடம் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். கருத்தடையும் செய்தாயிற்று. அதற்கென்று ஒரு மண்சட்டி கொட்டகையிலேயே இருக்கிறது. வீட்டுப் பாத்திரம் ஒன்றும் அப்பக்கம் போவதில்லை. சங்கிலி கிடையாது.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த வெள்ளைக் குட்டி, நாய் வளர்த்துப் பழகிய வேறொரு குடும்பத்திற்குப் போனதாக அறிந்தோம்.

திருடர் பிறகு வரவில்லையா என்று கேட்பீர்கள். மாசி மாதத்தில் ஓர் இரவு வந்தார்கள். செவலை குரைத்த குரைப்பில் பக்கத்துத் தோப்புக் காவலாள் டார்ச் விளக்கோடு ஓடிவந்தார்; தங்கையும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து நின்றாள். செப்புக் கம்பி தப்பியது. இருபது தேங்காய் போனது. மருமகன் அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான், இன்ஷா அல்லாஹ். கிழக்குப் பக்கத்துப் பனைமட்டை வேலியைப் பிரித்துவிட்டு முள்கம்பி போட எவ்வளவு ஆகும் என்பதே இப்போது எங்களுக்குள் நடக்கும் பேச்சு.