பதில் அம்மா சொல்வார்

கேஸ் புக் செய்வது, வங்கிக்குப் போவது, வீட்டு வரி கட்டுவது என்று எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள்கூட, டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் பேச்சுரிமையை இழந்துவிடுகிறார்கள். “அம்மாவுக்கு என்ன பண்ணுது?” என்று டாக்டர் உடன் வந்த மகனைப் பார்த்துக் கேட்கிறார். “சரியாச் சாப்பிடறதில்ல டாக்டர், மாத்திரையும் ஒழுங்காப் போடறதில்ல” என்று அவரும் அடுக்க ஆரம்பிக்கிறார். அம்மா வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

மரியாதைக் குறைவு மட்டுமல்ல இது. வைத்தியமே தடம் மாறிப்போகும்.

திருச்சியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். எழுபதைத் தாண்டியவர். 2021 மே மாதம் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, கோயிலுக்கும் சரி, ரத்தப் பரிசோதனைக்கும் சரி, யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடுகிறவர். பெங்களூரிலிருந்து வந்த மகள், “இந்தத் தடவை நானும் வர்றேம்மா” என்றபோது, “வா. ஆனா எனக்குப் பதிலா நீ பேசாதே” என்று சொல்லித்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

“எங்கேயாவது கீழே விழுந்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லையே” என்றார் அம்மா. டாக்டர் அதோடு விடவில்லை. மகளைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அதன் பிறகுதான் விஷயம் வந்தது. விடிகாலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒருநாள் பாத்ரூம் வாசலில் விழுந்தும்விட்டார். ஏன் மறைத்தார்? “சொன்னா இவ என்னை பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவா.”

டாக்டர் அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை பார்த்தார். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்று பொருள். அம்மாவுக்கு அதைவிட அதிகமாகவே இறங்கியது. உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது.

காரணம் அவர் கொண்டுவந்த மஞ்சப்பையில் இருந்தது. வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் மேஜையில் பரப்பியபோது, அம்லோடிபின் என்ற ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில், இரண்டு டாக்டர்களின் சீட்டுப்படி இருந்தது. அந்த மருந்துக்குக் கணுக்கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்துக்கென்று வேறோர் இடத்தில் நீர் பிரியும் மாத்திரை எழுதியிருந்தார்கள். அதனால் இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தது. அழுத்தமும் இன்னும் இறங்கியது. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயென்று எண்ணி அடுத்த மருந்தைச் சேர்க்கும் இந்தச் சங்கிலியைப் பற்றி ரோஷன், குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997-லேயே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எச்சரித்து எழுதினார்கள். முதியவர்கள் பலருக்கு இன்றும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உடன் போகிறவருக்கு வேலை இல்லாமல் போய்விடாது. பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது, டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்வது, எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்று திரும்பக் கேட்டு உறுதிசெய்வது எல்லாம் அவர் பொறுப்பு. வயதாகும்போது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். அதனால் கத்துவதைவிட, முகம் பார்த்து, தணிந்த குரலில், நிறுத்திச் சொன்னால் நன்றாகக் கேட்கும். டாக்டருக்கு நேர் எதிரே அம்மா உட்காரும்படி நாற்காலியைப் போட்டாலே பாதிக் கஷ்டம் குறையும். ஞாபகம் தப்பத் தொடங்கிய அம்மாவானால், பிள்ளைகள் பேசித்தான் ஆகவேண்டும். அப்போதும் “நான் சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி. டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைகளில் மூத்தோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. வரிசையில் நின்று உள்ளே போனபின், முதல் கேள்வியை அவரிடமே கேட்பதும், சில நிமிடங்கள் அவரோடு தனியாகப் பேசுவதும் எல்லா ஓ.பி.யிலும் வழக்கமாக வேண்டும். அதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

திருச்சி அம்மாவுக்கு டாக்டர் இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். பாத்ரூமில் கைப்பிடி பொருத்த அம்மா சம்மதித்தார். ராத்திரித் துணைக்கு ஆள் வைக்க மறுத்துவிட்டார். படுக்கையிலிருந்து எழுந்ததும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடக்கிறார். மகளுக்குக் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் பெங்களூர்ப் பேச்சை அவர் விட்டுவிட்டார். தலை லேசாகச் சுற்றினாலும் அம்மா இப்போது அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுகிறார்.