ஹார்ட்ஹோமும் உத்தப்புரமும்

2015 ஜூன் முதல் வாரம். ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அந்த அறை கிடைத்ததே ஒரு கதை. அதற்கு முன் பார்த்த மூன்று வீடுகளிலும் முதல் கேள்வி "சைவமா?" என்பது. அடுத்தது "சொந்த ஊர் எது?" அதற்கும் பதில் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" நாலாவது வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த அறையில்தான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தோம். பென்டிரைவில் வரும், லேப்டாப்பைச் சுவரோரம் நாற்காலியில் வைத்து, தரையில் உட்கார்ந்து பார்ப்போம். "இயக்க வேலை இருக்கு, டிராகன் பாக்குறீங்களா?" என்று கேலி செய்த தோழர்கள் உண்டு. பார்த்தோம்தான். வாரா வாரம் பார்த்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வடக்கே 700 அடி உயரத்துக்கு ஒரு பனிச்சுவர். இந்தப் பக்கம் அரசுகள், சட்டம், கோட்டைகள். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் 'வைல்ட்லிங்', நம் மொழியில் காட்டான். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஃப்ரீ ஃபோக்', சுதந்திர மக்கள். உண்மையில் சுவர் கட்டப்பட்டது செத்தவர்களின் படையைத் தடுக்க. ஆயிரக்கணக்கான வருடத்தில் அது மறந்துபோய், அந்தப் பக்கத்து மனிதர்களைத் தடுப்பதே வேலையாகிவிட்டது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கு இந்த எண்ணம் வந்தது, ரோமானியர்கள் பிரிட்டனில் கட்டிய ஹேட்ரியன் சுவரின் மேல் நின்று பார்த்தபோது என்று அவரே சொல்லியிருக்கிறார். மேல் நின்று பார்த்தபோது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களில் ஒருவர் எழுமலைப் பக்கத்துக்காரர். உத்தப்புரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பனிச்சுவரை முதன்முதலில் திரையில் பார்த்ததும், "எங்க பக்கத்துல இருக்கிறது இதைவிடச் சின்னது, தோழர்" என்றார். சிரித்தோம். ஆனால் நாலாவது சீசனில் காட்டான்கள் அந்தச் சுவரில் ஏறி வரும்போது, மேலிருந்து பெரிய அரிவாள் ஒன்றைச் சங்கிலியில் இறக்கி, ஏறிக்கொண்டிருந்தவர்களை அப்படியே வழித்துத் தள்ளுவார்கள். அதற்குக் கைதட்டினோம். நாலு பேரும்தான், எழுமலைக்காரரும் சேர்த்து. கேமரா சுவருக்கு மேல் நின்றது, அதனால் நாங்களும் மேல் நின்றோம்.

ஐந்தாவது சீசன் எட்டாவது எபிசோட், 'ஹார்ட்ஹோம்', அந்தக் கைதட்டலை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

காவற்படைத் தலைவன் ஜான் ஸ்நோ கப்பலில் கிளம்பி, சுவருக்கு வடக்கே கடலோரம் ஒதுங்கிக் கிடக்கும் அந்த மக்களிடம் போகிறான். 'வாருங்கள், கதவைத் திறக்கிறேன், நிலம் தருகிறேன், செத்தவர்களை எதிர்த்துச் சேர்ந்து நில்லுங்கள்' என்று கேட்கிறான். அவர்களுடைய குடிசைக்குள், தலைவர்கள் கூடி உட்காரும் இடத்தில், கேமராவும் உட்காருகிறது. கார்சி என்று ஒரு பெண் தலைவர். இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் அவள் வாதாடுகிறாள், நக்கல் அடிக்கிறாள், தன் பிள்ளைகளுக்காக முடிவெடுக்கிறாள். காவற்படையில் இத்தனை வருடம் பார்த்த எத்தனையோ பேருக்கு இந்த அளவு முகம் இருந்ததில்லை. பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டுப் பின்தங்குகிறாள். செத்த குழந்தைகள் அவள்மேல் பாயும்போது கை ஓங்கவில்லை. முடிந்துவிடுகிறாள். "தாய்னா இப்படித்தான் சாகணுமா?" என்று எங்களில் ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் அவளை மறக்க முடியவில்லை.

இன்னொரு இடத்தை, எங்களில் ஒருவரான கோவைப் பக்கத்து அருந்ததியர் தோழர்தான் முதலில் கவனித்தார். பனிமூட்டம் இறங்கி வருகிறது. ஹார்ட்ஹோமைச் சுற்றி மரவேலி, ஒரு வாசல். உள்ளே இருப்பவர்கள் அந்த வாசலை மூடிவிடுகிறார்கள். வெளியே நிற்பதும் அவர்கள் மக்களேதான். கதவைத் தட்டும் சத்தம், அலறல். பிறகு ஒரேயடியாக அமைதி. தோழர் படத்தை நிறுத்தச் சொன்னார். "எங்க ஆளுங்களுக்கு ரெண்டு கதவு, தோழர். ஊர்க்காரன் கதவு ஒண்ணு, உங்க கதவு ஒண்ணு." அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைக் கூட்டங்களில் எத்தனை முறை பேசியிருப்போம். அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. டீ போட ஒருத்தர் எழுந்து போனார்.

சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல நினைப்பது அதே எபிசோடில் வரும் ஒரு சின்னக் காட்சி. ஆலி என்கிற பையன். அவன் அப்பா அம்மாவைக் கொன்றது காட்டான் கூட்டம்தான், அது பொய் இல்லை. அவன் சாமிடம் போய், ஜான் ஏன் அவர்களைக் காப்பாற்றப் போனான் என்று கேட்கிறான். சில நேரம் கடினமான முடிவு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற மாதிரி சாம் நல்லெண்ணத்தில் பதில் சொல்கிறான். இரண்டு எபிசோட் கழித்து, கதவைத் திறந்த குற்றத்துக்காக ஜானைச் சொந்தப் படையினரே குத்திக் கொல்லும்போது, கடைசிக் கத்தி ஆலியுடையது.

சுவர் கட்டுகிறவர்களிடம் எப்போதும் ஒரு கதை இருக்கும். 1989 கலவரத்துக்குப் பிறகு பாதுகாப்புக்காகக் கட்டினோம் என்பதுதான் உத்தப்புரத்திலும் சொல்லப்பட்ட கதை. சுமார் 600 மீட்டர் நீளம். 2008இல் அதன்மேல் மின்கம்பியும் ஓடியது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடிய பிறகு, அந்த ஆண்டு மே 6ஆம் தேதி அரசு அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இடித்தது, ஆள் போய்வர ஒரு வழி. அவ்வளவுதான். அதற்கே எதிர்த்தரப்பினர் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அடைபட்டுக் கிடந்தவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அடைத்தவர்கள் போனார்கள்.

ஜான் நல்லவனா என்று அன்று இரவு ஒரு மணிவரை சண்டை. தன் உயிரைப் பணயம் வைத்துப் போனானே என்றார் ஒருவர். எழுமலைக்காரர் விடவில்லை. "அந்த ஜனங்க செத்தா எதிரி படையில எந்திரிச்சு வருவாங்க. அதுக்குத்தானே போனான்? உரிமைன்னு திறக்கல, தேவைன்னு திறந்தான். நமக்கு இந்த ரூம் கிடைச்ச மாதிரி." எங்களுக்கு இன்றும் இதில் ஒரே கருத்து இல்லை. தேவைக்காகத் திறந்த கதவு வழியாகவும் பிள்ளைகள் உயிரோடு உள்ளே வந்தார்கள் என்பதையும் தள்ளிவிட முடியவில்லை.

2019 மே மாதம் தொடர் முடிந்தது. செத்தவர்களின் படை ஒழிந்துவிட்டது, சுவர் இருந்த காரணமும் போய்விட்டது. அந்தச் சண்டையில் சுதந்திர மக்களும் நின்று செத்தார்கள். கடைசிக் காட்சியில் அவர்கள் வாசலைக் கடந்து வடக்கே போகிறார்கள், பின்னால் கதவு இறங்குகிறது. அவர்களாக விரும்பித்தான் போகிறார்கள் என்று கதை சொல்கிறது. எங்களுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் நாங்கள் அறையைக் காலி செய்து ஆளுக்கொரு ஊரில் இருந்தோம், வாட்ஸ்அப்பில்தான் திட்டிக்கொண்டோம்.

அதே ஆண்டு டிசம்பர் 2, விடியும் முன். மேட்டுப்பாளையம் நடூரில், வசதியான ஒருவரின் பங்களாவைச் சுற்றி எழுப்பிய சுமார் 20 அடி உயரச் சுவர், மழையில் ஊறி, கீழே இருந்த ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். நீதி கேட்டு மறியல் செய்தவர்கள் மேல் தடியடி நடந்தது.

கோவைத் தோழர் அன்று காலை எங்கள் குழுவில் ஒரு படம் மட்டும் போட்டார். செங்கல் குவியல், அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். கீழே ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் வரை நாங்களும் எழுதவில்லை. பிறகு ஒருவர் கேட்டார், "எத்தனை மணிக்கு பஸ்?"