காராக் ஏற்றத்தில் வந்த வாசனை

காலை நேரத்தில் வானொலியில் போக்குவரத்து நிலவரம் வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. "காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் வாகனம் ஒன்று பழுதாகி நிற்கிறது, இடது தடத்தில் நெரிசல்" என்ற வாக்கியத்தை இதுவரை எத்தனை முறை வாசித்திருப்பேனோ தெரியாது. யாராவது லாரிக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்திய வாரம் அப்படி நின்ற வாகனம் என்னுடையது. அன்று நான் விடுப்பு. நிலவரத்தை வாசித்தது என் சக அறிவிப்பாளர். சாலையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு போனில் கேட்டேன். நன்றாகவே வாசித்தார்.

பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். கண் பரிசோதனைக்காகக் கோலாலம்பூர் வந்தவரை மெந்தகாப்புக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும் பயணம் அது. அப்பா முப்பது வருஷம் வெட்டுமர லாரி ஓட்டியவர்.

என் காடி புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998-இல் அறிமுகமான வகை. 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், கையால்தான் மாற்ற வேண்டும். ஓட்டத்தைச் சீர்செய்து கொடுத்தது லோட்டஸ் என்று பின்னால் ஒரு சின்னச் சின்னம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் நான் வரைந்து வைத்த காடி அது. மூன்று வருஷத்துக்கு முன்பு நல்ல நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்தபோது கையில் பணம் போதவில்லை. அப்பா தன் சேமநிதிப் பணத்திலிருந்து எட்டாயிரம் ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார். "ஆசைப்பட்டுட்டே. வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கோம்பாக் டோல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நான்காவது கியரில் முடுக்கியை மிதித்தேன். ஆர்பிஎம் முள் மூவாயிரத்திலிருந்து ஒரே தாவில் நாலாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. வேகம் ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, காடி சோர்கிறது. பிறகு அந்த வாசனை வந்தது. பழைய செய்தித்தாளையும் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்திய மாதிரி.

அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "கிளட்ச்சு எரியுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பழைய காடிதானேப்பா."

"போன வருஷந்தானே மாத்துனேன்னு சொன்னே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தது, சொல்லவில்லை.

சாதாரணமாக ஓட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தாங்கக்கூடிய கிளட்ச், என்னிடம் பதினாலாயிரத்தில் முடிந்துபோனது. காரணம் செப்பாங். மாதம் ஓரிரு தடவை, பணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு நேர்கோட்டில் ஓட்டிப் பார்க்கும் மாலைகள் உண்டு. சாலையில் நான் அப்படி ஓட்டுவதில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது. விளக்கு மாறுவதற்கு முன்பே எஞ்சினை நாலாயிரத்து ஐந்நூறில் பிடித்து வைக்க வேண்டும். பச்சை விழுந்ததும் கிளட்ச்சை விட வேண்டும். முழுசாக ஒரே அடியாக விட்டால் முன் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். அதனால் பாதியில் பிடித்து, உராயவிட்டு, காடி நகர நகர மீதியை விடுவார்கள். அந்த 'பாதி'யில்தான் எல்லாம் எரிகிறது.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சக்கரத்துக்கும் அழுத்தும் தட்டுக்கும் நடுவே உராய்வுத் தகடு ஒன்று இருக்கிறது. காலை எடுத்தால் மூன்றும் இறுகி ஒன்றாகச் சுழலும். புறப்படும் நொடியில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, சக்கரமோ நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை தகடு தேய்ந்துகொண்டே சூடாகும். படிவம் நான்கு இயற்பியலில் படித்ததுதான்: வேகம் மும்மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. ஆயிரத்து ஐந்நூறில் மெதுவாகப் புறப்படுவதற்குப் பதிலாக, நாலாயிரத்து ஐந்நூறில் பிடித்தபடியே புறப்பட்டால், தகடு வாங்கும் சூடு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதுவும் ஓரிரு நொடிக்குள். அது ஆறுவதற்குள் நான் வரிசையில் போய் மறுபடியும் நிற்பேன்.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். சக்கரம் சுழல்கிறதே என்று நன்றாகப் பிடிக்கும் விலையுயர்ந்த டயர் வாங்கிப் போட்டேன். நேரம் குறைந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நின்ற காடியை அப்படி உதைத்துக் கிளப்பும்போது ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். டயர் வழுக்க மறுத்தால் அந்த வேலை கிளட்ச்சின் தலையில் விழும்.

ஒலிப்பதிவு அறையில் ஹெட்போன் வழியாக ஒரு 'ப' தெறித்தாலும் எனக்குக் கேட்கும். அதற்குத்தான் சம்பளம். ஆனால் மிதியின் பிடிக்கும் இடம் மாறிப்போயிருந்ததும், மேட்டில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியதும் இரண்டு மாதமாக என் காதிலும் காலிலும் ஏறவில்லை. ஏறியது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இழுவை லாரியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து கோம்பாக்குக்குத் திரும்பினோம். அப்பாவும் லாரிக்காரரும் பழைய பெந்தோங் மலைச்சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் நடுவில்.

பட்டறை அண்ணன் மறுநாள் கியர்பாக்ஸை இறக்கிக் காட்டினார். தகட்டின் ஆணிகள் வெளியே தெரியத் தொடங்கியிருந்தன. இரும்புச் சக்கரத்தில் அங்கங்கே நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள். "இது வயசுல தேஞ்சது இல்ல தம்பி, சூட்டுல செத்தது" என்றார். தகடு, அழுத்தும் தட்டு, பேரிங், சக்கரத்தை லேத்தில் சீவும் கூலி, இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று எண்பது ரிங்கிட். பந்தயத்துக்கான கனமான கிளட்ச் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் நெரிசலில் கால் கழன்றுவிடும் என்றார். "இது ஃபியூஸ் மாதிரி. இதைக் கெட்டியாக்கினா அடி நேரா கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும். அப்ப ஆயிரத்தோட முடியாது."

அப்பா அந்தத் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது.

"எத்தனை தடவை?" என்றார்.

சொன்னேன். ஒரு மாலைக்கு எட்டு, பத்து. பத்து மாதம். நூறைத் தாண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரேடியோவுல ஊரு பூரா கேக்குற மாதிரி பேசுறே. என்கிட்ட 'இதனாலதான்ப்பா'ன்னு சொல்ல மட்டும் வாய் வரல" என்றார். பட்டறை அண்ணன் ஸ்பேனரைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே பேசினார். முழுச் சுமையோடு மேட்டில் லாரியை நிறுத்திக் கிளப்பும்போது கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினைக் கத்தவிடாமல், காலை எப்படி எடுப்பார் என்று சொன்னார். "தூங்குற புள்ளையோட தலைக்கடியில இருந்து கைய உருவுற மாதிரி." அந்தப் பிள்ளை நானாகத்தான் இருந்திருப்பேன். அதைக் கேட்கவில்லை.

புதுத் தகடு பழகும்வரை முதல் எண்ணூறு கிலோமீட்டர் அமைதியாக ஓட்டச் சொன்னார் அண்ணன். அப்பா சாவிக்குக் கையை நீட்டினார். "நீ பஸ்ஸுல போ."

மூன்று வாரம் காடி மெந்தகாப்பில் இருந்தது. மீன் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் அதில்தான் போனாராம். நான் இப்போதும் செப்பாங் போகிறேன். ஒரு மாலைக்கு இரண்டே தடவை, எஞ்சினை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஏற்றுவதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கும் பையன்கள் என்னை முந்திப் போகிறார்கள், எரிச்சலாகத்தான் இருக்கிறது. போவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு போன். "எத்தனை?" என்பார். "ரெண்டு" என்பேன். மாதம் முந்நூறு ரிங்கிட்டாக எட்டாயிரத்தையும் அடைத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

காடியை எடுத்துவரப் போன அன்று மீட்டரைப் பார்த்தேன். எண்ணூறு இல்லை, ஆயிரத்து நூற்று நாற்பது ஓடியிருந்தது. அப்பா கொல்லைப்புறத்தில் இருந்தார். அம்மா தேநீரை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெமர்லோ பாலத்துக்கிட்ட யாரோ ஒரு பையன் புதுக் காடியில வந்தானாம். உங்கப்பா முந்திட்டாராம். ரெண்டு நாளா அதே கதைதான்."