நெஞ்சும் நெகிழ்ச்சியும்

வீரபாண்டியில் என் இல்லத்தை அடுத்துப் பனியன் துணி பின்னும் கூடம் ஒன்று உண்டு. அங்குப் பணிபுரியும் முதியவர், துணியை இரு கைகளாலும் இழுத்து விடுவார். அது பழைய நிலைக்கு மீண்டால் "நல்ல துணி" என்பார். நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டிருத்தலால் அத்துணி நீண்டு சுருங்கும். கிழிந்த இடத்தைத் தடித்த நூலால் நெருக்கித் தைத்துவிட்டாலோ, அவ்விடம் நீளாது. சுற்றியுள்ள துணியே இழுபடும். இதனை நாள்தோறும் கண்டிருந்தும் என் நெஞ்சோடு பொருத்திப் பார்த்தேனில்லை.

பணியினின்றும் ஓய்வு பெற்றபின், ஒருநாள் விடியற்காலையில் என் மார்பின்மீது பாறையை வைத்தாற்போல் அழுத்தம் தோன்றியது. வலி இடத்தோள்வரை பரவியது, உடல் வியர்த்தது. வாயுத் தொல்லை என எண்ணிச் சுக்குக் காப்பி பருகிப் படுத்தேன். "ஏனுங்க, மருத்துவமனைக்குப் போய்விடலாமுங்க" என்று என் துணைவியார் இருமுறை வேண்டினார். நான் இணங்கவில்லை. மாலையில்தான் சென்றேன்.

மருத்துவர் எக்கோ படத்தைக் காட்டினார். இதயச் சுவரின் ஒரு பகுதி அசைவற்றிருந்தது. "ஐயா, குருதிக் குழாய் அடைபட்டதால் இத்தசை மடிந்துவிட்டது. மடிந்த தசை மீண்டும் வளர்வது மிக அரிது. கொலாஜன் என்னும் நார்ப்பொருள் சேர்ந்து அங்கே வடு உண்டாகும். அது சுவரைத் தாங்கும், ஆனால் துடிக்காது" என்றார்.

வடுவின் வன்மை அருகிலுள்ள உயிரணுக்களையும் வருத்துமோ என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. விடை தேடியபொழுது ஓர் ஆராய்ச்சியைப் பற்றி அறிந்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிஷர் என்பாரின் குழுவினர் 2008-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். பறவைக் கருவினின்றும் எடுத்த இதய உயிரணுக்களை, நெகிழ்ச்சியில் வேறுபட்ட கூழ்ப்படலங்களின்மேல் அவர்கள் வளர்த்தனர். இதயத் தசையை ஒத்த நெகிழ்ச்சியுடைய படலத்தில் அவை செவ்வனே துடித்தன. மிக மெல்லிய படலத்தில் துடிப்பு நீடித்தது; ஆயினும் அத்துடிப்பு ஆற்றிய வேலை சிறிதே. வடுவைப்போல் விறைத்த படலத்திலோ, அளவுக்கு மீறி இழுத்து வருந்தின. உள்ளிழைகளின் ஒழுங்கு அமையாமல், சில நாளில் துடிப்பு ஓய்ந்தன. உயிரணு தான் ஊன்றி நிற்கும் நிலத்தின் தன்மையை உணர்கின்றது என்பது இதனால் விளங்கும்.

"கல்நெஞ்சன்" என்னும் சொல்லுக்கு இரக்கமற்றவன் என்று பல்லாண்டு வகுப்பில் பொருள் உரைத்தேன். அதனை உவமை என்றே கருதினேன். நெஞ்சு மெய்யாகவே வன்மையுறும் என்பதை முதுமையில் கற்றேன். அன்று மனையாளின் சொல்லுக்கு நெகிழாத என் மனம், என்றும் நெகிழாத வடுவொன்றை என் நெஞ்சில் வைத்துவிட்டது. எஞ்சிய தசை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றது.

மாணவர்களே! அடைப்பு நீங்கத் தாழ்க்குந்தோறும் மடியும் தசை பெருகும், வடுவும் பெருகும். உங்கள் இல்லத்துப் பெரியோர் மார்பு வலி என்றால், அவர் மறுப்பினும் விடாதீர்கள். உடனே 108 என்னும் எண்ணை அழையுங்கள். நான் இழந்தது பாதி நாள். அந்நாளை எம்மருந்தும் மீட்டுத் தராது.