காவலும் கட்டுத்துவக்கும்

கிரானுக்கு மேற்கே ஆற்றைக் கடந்து சென்றால், புலிபாய்ந்தகல், குடும்பிமலை என வயலும் காடும் பிணைந்து கிடக்கும் நிலத்தைக் காணலாம். மாரியில் வெள்ளம் பாதையை மூடும்போது படகே துணை. அங்கே பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தை அடைந்ததும் உழவர் யானைக் காவலுக்காக இரவிற் பரணேறுவர். சங்கச் செய்யுட்களில் தினைப்புனங் காத்தோர் கவணும் தீக்கொள்ளியுங் கொண்டிருந்தனர். இவர்களுட் சிலரிடம் துவக்கு உண்டு. கருவி மாறியதேயன்றிக் காவலின் இயல்பு மாறவில்லை.

பரணிலிருப்போன் பெரிதும் பார்ப்பதில்லை, கேட்கின்றான். கிளை முறியும் ஓசை, சேற்றிற் கால் பதிந்து மீளும் ஓசை, தவளைகளின் இரைச்சல் ஒரு மூலையில் மட்டும் அடங்கிப்போதல் ஆகிய யாவும் அவனுக்குச் செய்தியே. வரம்பில் அசைவது கட்டவிழ்ந்த எருமையாகலாம். நீர் திருப்ப வந்த பக்கத்து வயற்காரராகவும் இருக்கலாம். ஆதலின் முதலிற் குரல் கொடுப்பான். பின்னர் ஒளி பாய்ச்சுவான். யானையெனத் தெளிந்தால் யானைவெடி கொளுத்துவான். துவக்கைத் தொடுதல் இவையனைத்துக்கும் பிந்தியது. தொட்ட பின்னரும் யானைமேற் சுடுவதா என்னும் வினா எஞ்சி நிற்கும். சிறு ஈயக் குண்டுகள் யானையை உடனே வீழ்த்துவதில்லை. உடலுள் தங்கிச் சீழ்பிடித்து நாட்பட வருத்தும். புண்பட்ட யானை மறுநாளும் அவ்வழியே வரக்கூடும். சுட்டவன் தன் பாதுகாப்பைப் பெருக்கினானா, குறைத்தானா?

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவு முதலாகத் தற்காப்புரிமையை வகுத்துரைக்கின்றது. அது பேசுவது மனிதர் தாக்குதலைப் பற்றியே; ஆயினும் அதன் வரையறைகள் பரணுக்கும் பொருந்துவன. அச்சம் நியாயமானதாதல் வேண்டும். காப்புக்கு வேண்டியதினும் மிக்க தீங்கு இழைத்தலாகாது. அதிகாரிகளின் துணையை நாட அவகாசம் இருப்பின் அவ்வுரிமை இல்லை. அக்கணத்தில் விழித்திருந்து எடைபோடும் ஒருவன் உளன் என்பதே இவற்றின் அடிப்படை.

கட்டுத்துவக்கில் அவ்வொருவன் இல்லை. விலங்கின் தடத்திற்குக் குறுக்கே கம்பியை இழுத்து விசையோடு பிணைத்துவிட்டு, உரியவன் வீடு சென்று உறங்குகின்றான். பன்றிக்கென வைத்தது யானையின் காலைத் துளைக்கும். விறகெடுக்கச் சென்றவரின் முழங்காலையுந் துளைக்கும். அதற்குக் குரல் கொடுக்கத் தெரியாது. (வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுவதும் இவ்வினத்ததே.) இதனை ஆயுதமேந்திய தற்காப்பு என்பது பொருந்தாது, ஏந்துவோரே இல்லையன்றோ! இங்கிலாந்து 1827இல், இரவில் வசிப்பிடத்தினுள் வைப்பது தவிர, இத்தகைய பொறித்துவக்குகளைச் சட்டத்தால் தடுத்தது. 1971இல் அமெரிக்காவின் அயோவா மாநில உயர்நீதிமன்றம், ஆளில்லாப் பண்ணைவீட்டில் அதனை வைத்தோர், திருடப் புகுந்து காலிற் சூடுபட்டவனுக்கு 30,000 டொலர் செலுத்தவேண்டும் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது.

இவற்றைக் காட்டி உழவனைக் குற்றக்கூண்டில் ஏற்றுதல் எளிது. பகலெல்லாம் சேற்றில் உழைத்தவன் இரவெல்லாம் விழித்திருத்தல் எத்துணை நாளுக்கு இயலும்? கடன்பட்டு விதைத்த வயல் ஓரிரவில் மிதிபட்டழியும் என்னும் அச்சமும் பொய்யன்று. கட்டுத்துவக்கு பெரும்பாலும் களைப்பின் பிள்ளை எனலாம். 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர்.

அரசு நியமித்த குழுவொன்று 2020இல் வகுத்த செயற்றிட்டம், ஊரையும் வயலையும் சூழ மின்வேலி அமைத்தலை வலியுறுத்தியது. உயிர் பறிக்காது அதிரவைக்கும் மின்துடிப்பே அதில் ஓடும். வயல்வேலி பயிரோடு எழுந்து, அறுவடையின்பின் கழற்றப்படும், பேணுவோர் உழவரே. மாலைதோறும் ஒருவர் வேலியைச் சுற்றிவந்து, படர்ந்த கொடியை வெட்டி, மின் ஓடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். முறைவைத்துப் பார்த்தால், அன்றிரவு மற்றையோர் உறங்கலாம்.